வாழை நாரும் சுண்ணாம்பும் ஒரு வண்டிப்பாதையும்

ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் வருஷா வருஷம் பங்குனித் தேர்த் திருவிழா சமயத்துல பல்லக்கில் ஏறி ஜீயபுரம் வந்து போவார். அந்தப் பாட்டி கதை திருச்சிக்காரங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கிறதில்லை. பெருமாள் விவரமானவர். பங்குனியில் வர்றார். பாதை எல்லாம் காய்ஞ்சு கல்லு மாதிரி இருக்கிற மாசம் :-) இதே ஐப்பசியில், பெரிய ரோட்டை விட்டு ஒரு வாழைத் தோட்டத்துக்குள்ள போகிற பாதையில் வரச் சொன்னா சீர்பாதம் தாங்குறவங்க பாடு திண்டாட்டம்.

ஜீயபுரம் தெரியாதவங்களுக்கு: திருச்சியிலிருந்து கரூர் போகிற ரோட்டில், காவிரியின் தென்கரையில் இருக்கிற ஊர். ஈரோடு லைன்ல ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன் உண்டு. இன்னும் கொஞ்ச தூரம் மேற்கே போனா முக்கொம்பு. சுத்தி வாழை, நெல், வெற்றிலைக் கொடிக்கால். ஆத்தை ஒட்டி மணல் கலந்த படுகை, அதைத் தாண்டினா நெல்லுக்கும் வாழைக்கும் ஏத்த களிமண். பயிருக்கு அந்தக் களி தெய்வம். சக்கரத்துக்கு அதுதான் எமன்.

மழைக்காலத்துல தார் வெட்டுற அன்னைக்குப் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, வண்டி உள்ள வருமாண்ணே?"

"நேத்து ராத்திரி மழைங்க. இறக்கினா ஏத்த முடியாது. ரோட்டுலயே நிக்கிறேன், நீங்க தூக்கிட்டு வந்துடுங்க."

அவ்வளவுதான். அரை கிலோமீட்டரோ ஒரு கிலோமீட்டரோ, தாரைத் தலையில வச்சு சேத்துல நடந்து ரோட்டுக்குக் கொண்டு வரணும். அந்தத் தலைச்சுமைக் கூலி மண்டிக்காரர் கணக்கில் வராது, லாரிக்காரர் கணக்கில் வராது. குத்தகைக்கு வாழை போட்டவர் கணக்கில்தான் வரும். தூக்கும்போது அடிபட்ட சீப்புக்கு விலை குறையும். லேட்டாப் போனா காந்தி மார்க்கெட் பக்கம் வாழைக்காய் மண்டியில் அன்னிக்கு ஏலம் முடிஞ்சிருக்கும். வெட்டின தார் நாளைக்கு வரைக்கும் காத்திருக்கும், ஆனா சும்மா காத்திருக்காது, பழுத்துக்கிட்டே காத்திருக்கும். ஒரு வருஷ உழைப்பு கடைசி அரை கிலோமீட்டரில் மாட்டிக்குது.

இதுக்கு ஊர்ல வழக்கமான வைத்தியம் ஒரு லோடு கிராவல். கொட்டி நிரவினா அந்த வருஷம் பாதை ஜம்முனு இருக்கும். அடுத்த மழையில் கிராவலைக் காணோம்! யாரும் திருடலை. கீழே இருக்கிற களி ஈரத்துல இளகி மேலே வரும், கல் அதுக்குள்ள இறங்கிடும். மறுபடி ஒரு லோடு. பி.காம். படிக்கிறவங்களுக்கு இது பாடப்புத்தக உதாரணம்: வருஷா வருஷம் பராமரிப்புச் செலவுன்னு எழுதிக்கிட்டே போகிறோம், ஆனா எந்த சொத்தும் சேரலை. பூமிக்குள்ள புதைச்ச பணம்னு சொல்வாங்களே, நிஜமாவே அதுதான்.

சரி, மண்ணையே கொஞ்சம் கெட்டியாக்கினா என்ன? அதுவும் பக்கத்துலயே கிடைக்கிற சரக்கை வச்சு?

களிமண் ஏன் இப்படி வழவழன்னு ஆகுதுன்னு முதல்ல பார்க்கலாம். களிமண் துகள் உருண்டையா இருக்காது, தாள் மாதிரி தட்டையா, ரொம்ப ரொம்பப் பொடிசா இருக்கும். அதோட மேற்பரப்பில் எதிர்மின் சுமை. அது தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். ஒவ்வொரு தாளுக்கும் நடுவுல தண்ணி ஒரு மெத்தை மாதிரி உட்கார்ந்துடும், மேல பாரம் வந்தா தாள்கள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். அதான் சேறு.

இதுல சுண்ணாம்பைக் கலந்தா ரெண்டு வேலை நடக்கும். ஒண்ணு உடனே, இன்னொண்ணு மெதுவா. உடனே நடக்கிறது: சுண்ணாம்பில் இருக்கிற கால்சியம் அந்தத் தாள்களின் மேல இருக்கிற சோடியம் மாதிரியான அயனிகளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தண்ணி மெத்தை மெலிஞ்சுடும், துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிச் சின்னச் சின்னக் கட்டியாகும். கையில ஒட்டின களி சில மணி நேரத்துல பொலபொலன்னு புட்டு மாதிரி உதிரும். நீறாத கற்சுண்ணாம்பாப் போட்டா இன்னும் வேகம், அது நீறும்போதே ஈரத்தை உறிஞ்சி, சூட்டில் மிச்சத்தையும் கிளப்பிவிடும்.

மெதுவா நடக்கிறதுதான் முக்கியம். சுண்ணாம்பு கலந்த மண்ணோட பி.எச். அளவு 12.4 வரைக்கும் ஏறும். அந்தக் காரத்துல களிமண்ணுக்குள்ள இருக்கிற சிலிக்காவும் அலுமினாவும் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு சுண்ணாம்போட சேர்ந்து, சிமெண்ட் இறுகும்போது உண்டாகிற அதே மாதிரிப் பசையை உண்டாக்கும். வாரக்கணக்கில், மாசக்கணக்கில் மண் இறுகிக்கிட்டே போகும். எவ்வளவு சுண்ணாம்பு போடணும்னு கண்டுபிடிக்க ஈட்ஸ், கிரிம்னு ரெண்டு அமெரிக்கர்கள் 1966-ல் ஒரு சுலபமான வழி சொன்னாங்க: மண்ணுக் கரைசலில் 1 சதவீதம், 2 சதவீதம்னு ஏத்திக்கிட்டே போய், எந்த அளவில் பி.எச். 12.4-ஐத் தொடுதோ அதுதான் அந்த மண்ணுக்குக் குறைஞ்சபட்ச அளவு. பொதுவா எடையில் 3-லிருந்து 8 சதவீதத்துக்குள்ள முடிஞ்சுடும். இந்த வேதிவினைக்கு வெப்பம் ரொம்பப் பிடிக்கும், குளிர் நாட்டில் பத்து டிகிரிக்குக் கீழே போனா ஏறக்குறைய நின்னே போயிடும். திருச்சி வெயிலுக்கு ஒருவழியா ஒரு நல்ல உபயோகம் கண்டுபிடிச்சாச்சு :-)

ஆனா படுகை மணல்ல சுண்ணாம்பைக் கொட்டினா ஒண்ணும் நடக்காது. வினைபுரியக் களி வேணும். ஒரே ஊர்ல ஆத்துப் பக்கம் ஒரு மண், வயல் பக்கம் ஒரு மண் இருக்கிற இடத்துல இதை மறந்தா சுண்ணாம்பு தண்டம். வெற்றிலை இல்லாம வெறும் சுண்ணாம்பைத் தின்ன கதைதான், நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

சுண்ணாம்பு எங்க கிடைக்கும்? அதே மாவட்டத்துலயே. கல்லக்குடியிலும் பக்கத்து அரியலூரிலும் ஒரு காலத்துல கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1939-ல் டால்மியா சிமெண்ட் ஆலை அங்கே வந்தது. ஊருக்கு டால்மியாபுரம்னு பேர் வந்ததும், அதை மாத்தச் சொல்லி 1953-ல் கலைஞர் தண்டவாளத்தில் படுத்ததும் எல்லாருக்கும் தெரிஞ்ச வரலாறு. அந்த வரலாற்றுக்கு அடியில கிடந்தது சுண்ணாம்புக்கல். அதே பகுதியில் காரை பக்கம் ஜிப்சமும் கிடைக்குது. இது ஒரு எச்சரிக்கை மணி. ஜிப்சம் இருக்கிற மண்ணில் சுண்ணாம்பு கலந்தா, எட்ரிங்கைட்னு ஒரு படிகம் உருவாகித் தண்ணியைக் குடிச்சு உப்பும், போட்ட ரோடே மேடு பள்ளமாத் தூக்கிக்கும். அதனால மண்ணைச் சோதிக்காம சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கவே கூடாது.

இன்னொரு குறை. சுண்ணாம்பு போட்டு இறுகின மண் பலமாத்தான் இருக்கும், ஆனா முறுக்கு மாதிரி. தாங்குற வரைக்கும் தாங்கும், அப்புறம் படக்குன்னு உடையும். விரிசல் விட்டா அந்த வழியா மழைத்தண்ணி இறங்கும், பழைய குருடி கதவைத் திறடி.

இங்கதான் நார் வருது.

மண்ணுக்கு அமுக்கம் தாங்கத் தெரியும், இழுவை தாங்கத் தெரியாது. நாருக்கு நேர்மாறு. ரெண்டையும் சேர்த்தா, விரிசல் விடப்போகிற இடத்துல குறுக்கே கிடக்கிற நார் ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு நிக்கும். உடைஞ்சாலும் சிதறாது, மெதுவா வளைஞ்சு கொடுக்கும். இது ஏதோ ஆய்வகத்தில் நேத்து பிறந்த ஐடியா இல்லை. நம்ம ஊர்ல குதிர் செய்யும்போதும் மண்சுவர் வைக்கும்போதும் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிச்சது எதுக்கு? பாக்தாத் பக்கத்துல அகர் குஃப்னு ஒரு இடத்தில், கி.மு. 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் கட்டின செங்கல் கோபுரம் இன்னும் 50 மீட்டருக்கு மேல நிக்குது. பச்சை மண் கல்தான். செங்கல் அடுக்குகளுக்கு நடுநடுவே நாணல் பாய் விரிச்சிருக்காங்க. மூவாயிரத்து சொச்சம் வருஷம் கழிச்சு, 1960-களில் ஆன்ரி விதால்ங்கிற பிரெஞ்சுப் பொறியாளர் இதே தத்துவத்தை இரும்புப் பட்டையை வச்சு செஞ்சு காட்டிக் காப்புரிமையும் வாங்கினார். கடற்கரை மணலில் பைன் மர ஊசியிலைகளைச் செருகி விளையாடும்போது அவருக்கு இது தோணுச்சுன்னு ஒரு கதை உண்டு. இன்னிக்கு மேம்பாலத்துக்கு ஏறுகிற சரிவுகளில் சதுரம் சதுரமா கான்க்ரீட் பலகை அடுக்கி வச்சிருக்காங்களே, அது அந்தக் குடும்பம்தான்.

மணலில் கட்டுறதுன்னா ஜீயபுரம்காரங்க பாக்தாத் வரை போகவே வேணாம். ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்ட வந்தபோது, ஆழம் காண முடியாத ஆத்து மணலில் அஸ்திவாரம் எப்படிப் போடுறதுன்னு கத்துக்கிட்டது கல்லணையைப் பார்த்துத்தான். பிற்காலத்துல அதை அவரே ஒத்துக்கிட்டார். கல்லைப் போட்டு, அது மணலில் இறங்க இறங்க மேலே இன்னும் கல்லைப் போட்டு, களிமண்ணால் இணைச்ச வேலை. அதே மேலணையோட கொள்ளிடம் பகுதியில் 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி 9 மதகுகள் வெள்ளத்தோட போனதும் இங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பாறாங்கல்லும் மணல் மூட்டையும் அடுக்கித்தான் தற்காலிகமா அடைச்சாங்க. மண்ணு விஷயத்துல இந்த ஊர் வட்டாரம் பாஸும் பார்த்திருக்கு, ஃபெயிலும் பார்த்திருக்கு.

எந்த நார்? ஜீயபுரத்தில் நின்னு பார்த்தா பதில் காலுக்குக் கீழேயே கிடக்கு. தார் வெட்டினதும் வாழை மரம் கணக்கில் முடிஞ்ச சமாச்சாரம். அதை அப்புறப்படுத்தவே கூலி கொடுக்கணும். பூக்கட்டவும் கொடிக்காலில் வெற்றிலைக் கொடியைக் கட்டவும் கொஞ்சம் நார் போகும், மிச்சம் அங்கேயே அழுகும். மத்திய அரசின் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-லிருந்து திருச்சியில்தான், தாயனூர் பக்கம் இருக்கு. நார் பிரிக்கிற இயந்திரம் முதல் நாரில் செய்கிற பொருள் வரைக்கும் அவங்க வேலையில் அடக்கம்.

ஆனா வாழை நாரை நம்பி ரோடு போட முடியுமா? இழுத்துப் பார்த்தா நல்ல பலம். பிரச்சினை ஆயுசு. ஒரு நார் மண்ணுக்குள்ள எவ்வளவு நாள் மக்காம இருக்கும்ங்கிறது பெரும்பாலும் அதில் இருக்கிற லிக்னின் அளவைப் பொறுத்தது. தேங்காய் நாரில் 40 சதவீதத்துக்கு மேல. வாழை நாரில் அதில் பாதிகூடக் கிடையாது. தேங்காய் நார் ஈர மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். வாழை நார் சீக்கிரம் விடை வாங்கிக்கும். போதாக்குறைக்குச் சுண்ணாம்புக் காரம் வேற. கொஞ்ச நேரம் காரத்தில் ஊறினா மேல் பசை போய் நாருக்குப் பிடிப்பு கூடும். மாசக்கணக்கில் ஊறினா நாரே நைஞ்சு போகும்.

இதைப் படிச்சதும் "அப்ப எதுக்குய்யா இந்தக் கூட்டணி"ன்னு தோணும். இதுல ஒரு அழகான கணக்கு இருக்கு. சுண்ணாம்பு மெதுவாத்தான் பலம் தரும். நார் முதல் நாளே பலம் தரும், அப்புறம் குறைஞ்சுக்கிட்டே வரும். ஒண்ணு ஏற ஏற இன்னொண்ணு இறங்கலாம். சாரம் மாதிரி. கட்டடம் நின்னதும் சாரத்தைப் பிரிச்சுடறோம்ல? என்ன, முறுக்கு மாதிரி உடையாம காக்கிற வேலை மட்டும் நார் மட்கினதும் போயிடும். அங்க தேங்காய் நாருக்குத்தான் ஓட்டு.

இப்ப கணக்குப் பிள்ளை வேலை. 100 மீட்டர் பாதை, 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணைக் கிளறிக் கலக்கணும்னு வைங்க. கன அளவு 45 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.6 டன்னு வச்சா 72 டன் மண். 4 சதவீதம் சுண்ணாம்பு போட்டா 2.88 டன், 50 கிலோ மூட்டையில் 58. நார் அரை சதவீதம், 360 கிலோ. நார் ஒரு சதவீதத்தைத் தாண்டிப் போனா பலம் கூடுறதுக்குப் பதிலா குறைய ஆரம்பிக்கும், ஏன்னா நார் நாரோட சுருண்டு பந்தாகி மண்ணை நெருங்க விடாது.

அரை சதவீதம்னு கேட்க சின்னதாத்தான் இருக்கு. ஆனா 360 கிலோ நாரை ரெண்டு ரெண்டு சென்டிமீட்டரா நறுக்கணும். அதை 72 டன் களிமண்ணில் சீரா பரவும்படி கலக்கணும். ஆய்வகத்தில் ஒரு கிண்ணத்தில் கையால பிசையறது வேற, வயலில் ரோட்டவேட்டர் ஓட்டிக் கலக்கறது வேற. கத்தியில நார் சுத்திக்கும், ஒரு இடத்தில் கொத்தாக் கிடக்கும், பத்தடி தள்ளி ஒண்ணுமே இருக்காது. நார் கலந்த மண்ணைப் பத்தி எவ்வளவோ ஆராய்ச்சிக் கட்டுரை இருக்க, அப்படிப் போட்ட ரோடு மட்டும் கண்ணில் படாததுக்கு முக்கியக் காரணம் இந்தக் கலக்கற வேலைதான்.

அதனால நடைமுறையில் ஜெயிச்சது பாய். தேங்காய் நாரைக் கயிறாத் திரிச்சு, கண் விட்டு நெய்த விரிப்பு. 'கயிறு பூவஸ்திரா'ன்னு ஸ்டைலா ஒரு பேரே உண்டு. இதுக்கு 2008-லேயே இந்தியத் தர நிர்ணயம் வந்தாச்சு. சதுர மீட்டருக்கு 400 கிராம் ரகத்தை எடுத்துக்கிட்டா, அதே 100 மீட்டர் பாதைக்கு 300 சதுர மீட்டர், 120 கிலோ. கலக்கும்போது கேட்ட நாரில் மூணில் ஒரு பங்கு! நறுக்க வேணாம், பிசைய வேணாம், உருட்டி விரிச்சா வேலை முடிஞ்சது. கிராவல் களிக்குள்ள இறங்காம நடுவுல நின்னு தடுக்கும், தண்ணி மட்டும் கண் வழியா வெளியேறும். வண்டி ஓட ஓட அடியில் இருக்கிற களி ஈரம் வடிஞ்சு நெருங்கி இறுகும். ரெண்டு மூணு வருஷத்துல பாய் மட்கிப் போகும்போது அதோட தேவையும் குறைஞ்சிருக்கும். தேய்மானத்தை எழுதி முடிக்கிற அன்னிக்கு சொத்தும் சரியா தீர்ந்து போகுதுன்னா, அக்கவுண்டன்சி வாத்தியாருக்கு இதைவிட சந்தோஷம் வேற இருக்க முடியாது.

அரசாங்கமும் இதை ஒத்துக்கிட்டாச்சு. 2020 ஜூன் மாசம், பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் மூணாவது கட்டத்தில் கயிற்று விரிப்பைப் பயன்படுத்தலாம்னு மத்திய அரசு அறிவிச்சது. ஏழு மாநிலங்களுக்கு மொத்தம் 1,674 கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டுக்கு 369. ஒடிசாவுக்கு (470) அடுத்தபடி நம்மளுதுதான். கேரளாவுக்கு வெறும் 71ங்கிறது தேங்காய் நாருக்கே பேர் போன ஊருக்குக் கொஞ்சம் வருத்தமான விஷயம்தான். ஆனா கேரளாவில் களி ரோட்டுப் பாடு குறைவோ என்னவோ.

ஒரு கொக்கி. இது கிராமச் சாலைக்கு. ஒரு ஊரை இன்னொரு ஊரோட இணைக்கிற, கணக்கில் பேரும் நம்பரும் இருக்கிற சாலைக்கு. ரோட்டை விட்டு இறங்கி நாலு பேர் தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதைக்கு நம்பர் கிடையாது. அதுக்கு யாரும் மண் பரிசோதனை செய்ய மாட்டாங்க. ரோடு போடும்போது செய்கிற சி.பி.ஆர். சோதனை 1929 வாக்கில் கலிபோர்னியாவில் பிறந்தது. மண்ணை நாலு நாள் தண்ணியில ஊற வச்சு, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலக்கையால் மெதுவா அழுத்தி, நல்ல ஜல்லியோட ஒப்பிட்டா அது எத்தனை சதவீதம் தாங்குதுன்னு பார்க்கிறது. 2 சதவீதம் வந்தா 'மிக மோசம்'. அந்தப் பாதையில் ஐப்பசி மாசம் தார் தூக்கிட்டு நடக்கிறவங்க முழங்கால்தான் அங்க சி.பி.ஆர். மெஷின்.

அதனால நாலு தோட்டக்காரங்க சேர்ந்து பண்ணிப் பார்க்கிறதுன்னா, 100 மீட்டர்ல கை வைக்க வேணாம். ரொம்ப மோசமா மாட்டுற இடம் ஒண்ணு எல்லாப் பாதையிலும் இருக்கும். அங்க ஒரு 10 மீட்டர் போதும். மண் 7 டன் சொச்சம், சுண்ணாம்பு 288 கிலோ, ஆறு மூட்டை. முதல்ல ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்க்கணும். அறுந்து போகாம 3 மில்லிமீட்டர் நூலா திரிக்க வந்தா களி இருக்கு, சுண்ணாம்பு வேலை செய்யும். உதிர்ந்தா சுண்ணாம்பு வாங்க வேணாம். ஜிப்சம் விஷயம் உருட்டிப் பார்த்தாத் தெரியாது, மண் பரிசோதனை நிலையத்துல சல்ஃபேட் பார்த்துத்தான் ஆகணும். வெயில் காலத்துல பண்ணணும், சித்திரை வைகாசியில். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். கற்சுண்ணாம்பு கண்ணில் பட்டா பார்வையே போகும். மழை வர்ற நாளில் பண்ணினா கரைஞ்சு வாய்க்காலில் இறங்கி மீன் செத்து மிதக்கும், அப்புறம் ஊர்ப் பஞ்சாயத்துதான். கலந்து, ஒரு நாள் ஆறப் போட்டு, மறுபடி கிளறி, டிராக்டரை மேல விட்டு நல்லா அமுக்கணும். அமுக்கின பிறகு ஒரு வாரமாவது காய விடாம ஈரம் தெளிக்கணும். மேல கயிற்று விரிப்பு, அதுக்கும் மேல வழக்கமான கிராவல்.

வாழை நாரையும் விட வேணாம். பக்கத்துல இன்னொரு 10 மீட்டரில் 36 கிலோ நறுக்கின நாரைக் கலந்து பார்க்கலாம். ஒரு நாள் கூலிதான் கூடுதல். மூணாவது 10 மீட்டரை ஒண்ணும் பண்ணாம அப்படியே விடணும், இல்லேன்னா எது வேலை செஞ்சதுன்னு ஒப்பிட்டுப் பார்க்க ஆளே இருக்காது.

ஆமா, மூணு துண்டுக்கும் ஓரத்துல ஒரு அடி அகலத்துக்கு வடிகால் வெட்டணும். தண்ணி நிக்கிற இடத்துல சுண்ணாம்பும் நாரும் சேர்ந்து என்ன பண்ணினாலும் பலிக்காது. வெட்டுறதுல சிக்கல் என்னன்னா, அந்த ஒரு அடி யாரோட நிலத்திலிருந்து போகிறதுன்னு பேசி முடிக்கணும். சுண்ணாம்பு இறுகுறதைவிட அதுக்கு அதிக நாள் ஆகும்.

அதுக்கப்புறம் ஐப்பசிக்குக் காத்திருக்கணும். ஒரு நல்ல மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில, தார் ஏத்த வந்த வண்டிக்காரர் ரோட்டோரம் நிறுத்தி இறங்கி, செருப்பைக் கழட்டி வச்சுட்டு, காலால மண்ணை அழுத்திப் பார்ப்பார்.